நூற்றுப் பன்னிரண்டு றாத்தல்

சோதனைக்கு எடுத்த பெல்ட்டுத் துண்டின் ஒரு நுனியைத் தேயிலை ஸ்டோர் உத்திரத்தில் கட்டி, மறு நுனியில் கொழுந்துத் தராசைக் கொளுவிவிட்டு, மெஷின் பிட்டர் வீரய்யா தள்ளி நின்றார். துண்டின் நடுவில் நேற்று அவர் ஒட்டிய ஒட்டு. கொழும்பிலிருந்து வந்திறங்கிய அஸீஸ் இஞ்சினியர், சப்பாத்தில் தூசு படாதபடி விரித்த சாக்கின்மேல் நின்று புத்தகம் புரட்டிக்கொண்டிருந்தார். தோட்டத்தை அரசாங்கம் எடுத்து ஒரு வருசம். வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன நாற்காலிக்கு உடனே ஆள் வந்தது. அவர் விட்டுப்போன பெல்ட்டைக் கோக்க இரும்புக் கொக்கிதான் வரவில்லை. பதிலுக்குப் பதுளை ஹாஷிம் முதலாளி கடை ஒட்டுச் சொலுஷன் வந்தது. வாங்கப் போனபோது முதலாளி கேட்டார்: "செருப்புக்கா, சைக்கிளுக்கா?" வீரய்யா காசை எண்ணி வைத்தார்.

போன மாசம் அதே சொலுஷனில் போட்ட ஒட்டு விட்டுப்போய், பெல்ட் சாட்டை மாதிரிச் சுழன்று வந்து, சல்லடைக்குப் பக்கத்தில் நின்ற ரெங்கம்மாவின் இடது கண்ணைக் கொண்டுபோனது. ரெங்கம்மா இப்போது வாசல் கூட்டுகிறாள். பாதி வாசல்தான் சுத்தமாகிறது என்று கணக்கப்பிள்ளை கணபதிக்குக் குறை. அவள் நின்ற இடத்தில் வீரய்யாவின் மகள் தனலெட்சுமியை நிறுத்தியிருந்தார்கள்.

ஒட்டைச் சோதித்து அறிக்கை எழுதாமல் மெஷின் ஓடக்கூடாது என்று உத்தரவு. மாடியில் நேற்றைய கொழுந்து கறுத்துக்கொண்டிருந்தது.

"நாலு வழி இருக்கு," என்றார் இஞ்சினியர். "நேரா இழுக்கலாம். நுனிய முழுசா மடிச்சுப் பின்பக்கம் உரிக்கலாம். நெட்டுக்குத்தா தூக்கி உரிக்கலாம். ரெண்டு நுனியையும் ரெண்டு பக்கமாப் பிரிக்கலாம். எது நல்லம்?"

"ஐயாவுக்கு எது சௌகரியமோ அதுங்க," என்றார் கணபதி.

நேராக இழுத்தார்கள். தராசுக்குக் கீழே தூள் மூட்டைகள் தொங்கின. கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் நாலு றாத்தல் கழித்தே பழகிய கணபதி, முள்ளைப் பார்த்து, "நூத்தியெட்டு!" என்று கத்தினார். அது போதாதென்று இஞ்சினியர் முகம் சுருங்கியதைக் கண்டதும், தன் உத்தியோகத்தில் முதல் தடவையாகக் கழித்ததைத் திருப்பிக் கொடுத்தார். "நூத்திப் பன்னண்டுங்க ஐயா! ஒட்டு அசையல!"

இஞ்சினியர் பேனாவைத் திறந்தார்.

"ஐயா, ஒரு வார்த்தைங்க," என்றார் வீரய்யா. "ஓடுறப்ப பெல்ட் நேரா மட்டும் இருக்கிறதில்லீங்க. சின்னச் சக்கரத்துல வளையிறப்ப ஒட்டோட ஓரம் தூக்குது. அங்கருந்துதான் உரியுது. அப்புடி இழுத்துப் பாருங்க."

மூட்டைகளை இறக்கினார். நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, அதில் தராசைக் கொளுவித் தூக்கினார். அவித்த கிழங்கின் தோல் மாதிரி வந்தது. முள் மூன்றரையைத் தாண்டவில்லை. கணபதி கழிப்பதற்குக்கூட அதில் போதாது.

வேலையில் எப்படி இழுபடுமோ அப்படியே இழுத்துப் பார்க்க வேண்டும் என்று புத்தகத்தின் அடுத்த பக்கத்தில் இருந்தது. இஞ்சினியர் அதை வாசித்தார். வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடினார்.

"மூன்றரைன்டு எழுதினா மெஷின் நிக்கும். கொக்கி வர ஆறு மாசம். அது வரைக்கும் ஸ்டோர்ல ஒருத்தருக்கும் பேர் இல்ல, சம்பளம் இல்ல. எழுதவா?"

போன தடவை பேர் குறைந்து பட்டினி வந்தபோது அவர்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து நாலு பேரைப் புதைத்தார்கள். அதில் ஒன்று வீரய்யாவின் கடைக்குட்டி.

"எழுதுறத எழுதுங்க ஐயா," என்றார் மெதுவாக. "எம் புள்ளைய மட்டும் வேற எடத்துல போட்டுக் குடுங்க."

"போட்றலாமே," என்றார் கணபதி. "அந்த எடத்துல யார் வீட்டுப் புள்ளைய நிறுத்தறது? நீயே ஒரு பேரச் சொல்லு வீரய்யா, நாளைக்கே நிறுத்துறேன்."

வீரய்யா வாயைத் திறந்தார். வாசலில் ரெங்கம்மாவின் விளக்குமாறு கேட்டது. அவளுக்கும் ஒரு மகள் உண்டு. வீரய்யா சொலுஷன் டப்பாவை எடுத்தார்.

மெஷினில் ஓடப்போகிற பெல்ட்டின் ஒட்டு ஓரத்தில் இன்னொரு தடவை சொலுஷன் தடவினார். தடவிய கையோடு கூப்பிட்டு, அறிக்கைக்குச் சாட்சியாகப் பெருவிரலை மசியில் அமுக்கி வைக்கச் சொன்னார்கள். நூற்றுப் பன்னிரண்டுக்கு நேர் கீழே வைத்தார். இஞ்சினியர் சாக்கைவிட்டு இறங்கி ஜீப்பில் ஏறினார்.

மெஷின் ஓடியது. தனலெட்சுமி சல்லடைக்குக் குனிந்தாள்.

"என்னாப்பா சொன்னாங்க?"

"நல்லாருக்காம்."

"பொறவு ஏன் இங்கயே நிக்கிறீங்க?"

"சும்மாதான். நீ வேலையப் பாரு."

ஒட்டு மேலே போனது, சின்னச் சக்கரத்தில் வளைந்தது, இறங்கி வந்தது. இருபதாவது சுற்றுவரை சத்தமில்லை. பிறகு சின்னச் சக்கரத்தில் ஒரு 'டக்'. தனலெட்சுமி நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள், மறுபடி குனிந்தாள்.

வீரய்யா பெருவிரலைச் சுரண்டினார். காய்ந்த சொலுஷன் மெல்லிய தோலாக, ஓரத்திலிருந்து, பலமே வேண்டாமல் உரிந்து வந்தது. வெளிச்சத்தில் பிடித்தார். நீல மசியில் அவருடைய ரேகை அதில் முழுசாக இருந்தது.

டக்.