பச்சை இலை ஒட்டாத சீரகச் சம்பா

அன்று மூலக்குளம் அரிசிக் கிடங்கில் இருந்தவர்கள்: கிடங்கை நடத்தும் ஃபரீஹா. பைகளுக்கு லேபிள் அடித்து ஒட்டும் அவள் தம்பி அனஸ். பாகூரிலிருந்து நெல் கொடுக்கும் சின்னப்பாப்பா. இயற்கை உணவுக் கடைகள் வைத்திருக்கும் விக்ரம். அவன் வேன் வாசலில் பின்கதவைத் திறந்து நின்றது; பாதிப் பைகள் ஏறியிருந்தன.

சீரகச் சம்பா சரக்கு ஏறக்குறைய தயார். பை ஒவ்வொன்றிலும் பச்சை இலை முத்திரை, அதன் கீழே 'துளி மருந்து படாத நெல்' என்ற வரி. அந்த இலைக்காகத்தான் விக்ரம் வாங்குகிறான். இந்தச் சரக்கு விற்றால் அவனுடைய எல்லாக் கிளைகளும் ஃபரீஹாவின் அரிசியையே எடுக்கும். அவன் கடை வாசலை அவள் செருப்புத் தேய மிதித்துப் பிடித்த வாய்ப்பு.

சின்னப்பாப்பா மோர் கேட்டு வாங்கிக் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, ஊர்க்கதை பேசுகிற சாவகாசத்தில் ஆரம்பித்தாள்.

"எந்தங்கச்சி மவன் அபி ட்ரோன் ஓட்றான்ல? பக்கத்துக் கழனிக்கு மருந்தடிச்சிட்டு, மீதி கீதுன்னு எங்கழனி மேல்மூலையிலயும் வுட்டுட்டான். பெரிம்மாவுக்கு ஓசில ஒரு உதவியாம். நல்லா வாங்கினான் எங்கிட்ட."

அனஸின் கை லேபிள் சுருளிலேயே நின்றது.

"அந்த மூலை நெல்லத் தனியா வெச்சியாக்கா?" என்றாள் ஃபரீஹா.

"மிஷின் ஒரே மூச்சுல அறுத்துக் கொட்டிடுச்சேம்மா."

"இதை ஏன் மின்னாடியே சொல்லல?"

"நான் அடிக்கலியே. அவன்தானே அடிச்சான். அது என் கணக்குல வராதுன்னு இருந்துட்டேன். இவன் இலை ஒட்றதப் பாத்ததும்தான் உறுத்துச்சு."

விக்ரம் சிரித்தான். "ஒரு மூலைதான மேடம். யாருக்குத் தெரியப்போவுது? மீதியையும் ஏத்திடலாம்."

"அபிக்குத் தெரியும். ட்ரோன் பறக்கறதயெல்லாம் வீடியோ எடுத்துப் போடறவன்," என்றான் அனஸ்.

ஆனால் ஃபரீஹாவுக்கு வீடியோ பயமில்லை. வாங்குகிறவள் பாகூர் வரை போய்க் கழனியைப் பார்க்க முடியாது. அதற்காகத்தான் பையில் ஒரு காகிதம். அந்தக் காகிதமே பொய் சொன்னால் கோந்துதான் தண்டம்.

"அனஸ், இலையத் தூக்கு. புதுசா அடி. 'பாகூர் சின்னப்பாப்பா கழனி. தண்ணீர், ஏரி. உரம், சாணமும் வேப்பம்புண்ணாக்கும். வயலின் ஒரு மூலையில் ஒருமுறை ட்ரோன் மருந்து பட்டது. அந்த நெல்லும் இதில் கலந்திருக்கிறது.'"

"அபி பேரையும் போட்டுடவா லாத்தா?" என்று அக்காவைக் கேட்டான் அனஸ்.

"போடுடா. அப்பவாச்சும் அந்த நாயிக்குப் புத்தி வருதா பாப்போம்," என்றாள் சின்னப்பாப்பா.

"பேரெல்லாம் வேணாம்," என்றாள் ஃபரீஹா.

விக்ரம் பதறினான். "இதை எவன் மேடம் வாங்குவான்? கஸ்டமர் இலையப் பாத்துதான் கை நீட்டுவான். ஏரி, சாணின்னு எழுதினா எவன் படிப்பான்?"

"இதுவரைக்கும் படிக்க என்ன குடுத்தோம்? வெறும் இலைய எப்படிப் படிப்பாங்க?"

அவன் சின்னப்பாப்பா பக்கம் திரும்பினான். "உங்க நெல்லு. நீங்களாச்சும் சொல்லுங்கம்மா."

"சோத்துல பூசணிக்காய மறைக்கறவனக் கேள்விப்பட்டிருக்கேன் தம்பி. அரிசியிலயே மறைக்கறவன இப்பத்தான் பாக்கறேன்."

"அப்ப மத்த கிளையெல்லாம் மறந்துடுங்க மேடம்."

ஃபரீஹாவுக்குத் தன் அரிசியைத் தெரியும். உலையில் ஏறினால் நாலு வீட்டுக்கு வாசனை போகும்.

"ஞாயித்துக்கெழம காந்தி வீதிச் சந்தையில நானே கடை போடறேன். படிக்கத் தெரியாதவங்களுக்கு வாயால சொல்லுவேன்."

"இந்தத் தடவ மட்டும் இலை இருக்கட்டும் மேடம். அடுத்த போகத்துக்கு நீங்க சொல்ற லேபிள்."

"அடுத்த போகம் மருந்து படலன்னா நானே இலை போடறேன். இப்ப இல்ல. அனஸ், வேன்ல ஏத்தினத எறக்கு."

அனஸ் இறக்கினான். விக்ரம் ஒத்தாசைக்கு வரவில்லை, போனையே தடவிக்கொண்டிருந்தான். கடைசிப் பை உள்ளே வந்ததும் நிலைப்படியில் ஒரு காலை வைத்து நின்றான்.

"நல்லா யோசிச்சு போன் பண்ணுங்க."

"யோசிச்சாச்சு சார்."

அவன் காலை எடுத்தான். வேன் கிளம்பும் சத்தம் கேட்கவில்லை. திரும்ப வந்து பேசுகிற ஆள்தான், இலையை ஒட்டச் சொல்லி அனஸைத் தனியே பிடித்தாலும் பிடிப்பான். ஃபரீஹா தகரக் கதவை இழுத்துச் சாத்தினாள். தாழ்ப்பாளைத் தள்ளி, உள்பக்கம் பூட்டைப் போட்டு, சாவியைத் திருகினாள்.