எட்டாவது மான்

பானை உடைந்ததும் எல்லோரும் என் படத்தைத்தான் தேடினார்கள். மூவாயிரம் வருஷத்துப் பானை. அதைச் சுற்றி மான்கள் வரிசையாக ஓடும். அருங்காட்சியகத்துக்காகப் போன வருஷம் அதை நீர்வண்ணத்தில் வரைந்தவள் நான். புகைப்படத்தில் ஒரு பக்கம்தான் தெரிகிறது. என் படத்தில் முழுச் சுற்றும் இருக்கிறது: எட்டு மான்.

ஒட்டுகிற வேலை அண்ணியுடையது. என் அண்ணன் மனைவி. எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். ஏழு மான்கள் சேர்ந்துவிட்டன. எட்டாவது மானுள்ள சில்லு மட்டும் அகப்படவில்லை. மூன்று நாளாக அண்ணி தரையில் தவழாத குறை. அறை பெருக்குகிற அம்மா குப்பையோடு அள்ளிவிட்டார் என்று முடிவு கட்டி, அதிகாரியிடமும் சொல்லிவிட்டார். மதியத்துக்குள் கிடைக்காவிட்டால் அந்த அம்மாவுக்கு நாளை முதல் வேலை இல்லை.

அப்படி ஒரு மானே கிடையாது. அந்த இடம் தேய்ந்து வெறும் மண்ணாக இருந்தது. ஏழு மான் போட்ட கை சும்மா நிற்குமா? மொட்டையாகக் கிடந்தது பிடிக்காமல் இன்னொன்றைப் போட்டுவிட்டேன். பார்த்தவர்கள் எல்லாம் அந்த மானைத்தான் அழகு என்றார்கள். நானும் வெட்கமில்லாமல் கேட்டுக்கொண்டேன்.

பெருக்குகிற அம்மா வாசலில் வந்து நின்றார்.

"கண்ணுல பட்டதெல்லாம் தட்டுல எடுத்து வெச்சேம்மா. ஒரு பொடிகூட விடல."

அண்ணி நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்குத் தாங்கவில்லை. வேறு ஏதோ பானையுடையது என்று, பொருத்திப் பார்க்காமலே அண்ணி ஒதுக்கியிருந்த மொட்டைச் சில்லை எடுத்தேன். இடைவெளியில் வைத்தேன். அச்சாகப் பொருந்தியது.

"அந்த மான் பானையில இல்ல அண்ணி. நானா போட்டது."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். பிறகு சுவரைப் பார்த்தார். பதினோரு வருஷமாக நான் வரைந்த ஜாடிகளும் கிண்ணங்களும் அங்கே மாட்டியிருந்தன. அவற்றில் பாதி உடைந்தும் தொலைந்தும் போய், இப்போது என் படத்தில் மட்டும்தான் இருக்கின்றன.

"வேற எதுலயெல்லாம் போட்டிருக்க?"

ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்கே தெரியவில்லை.