நல்லாத்தான் இருக்காரு

பேயாண்டி கண்டக்டருக்குக் கோபம் வராது என்பது வில்லாபுரம் முழுக்கத் தெரிந்த விஷயம். கண்டக்டர் வேலைக்கும் அந்தக் குணத்துக்கும் ஏழாம் பொருத்தம்தான், இருந்தாலும் மனுஷன் அப்படி. ஆரப்பாளையத்திலிருந்து உசிலம்பட்டி வரை படிக்கட்டில் தொங்கிக்கொண்டே வரும் காலேஜ் பையன்களைக்கூட, "உள்ள வாங்க மாப்ள, மழைக்கு வழுக்கும்ல" என்றுதான் கூப்பிடுவார். அவர் மனைவி ஒச்சாயிக்கு இதில் கொள்ளைப் பெருமை. தெருவில் எந்த வீட்டில் சண்டை நடந்தாலும், "எங்க வீட்ல அவரு ஒரு நாள்கூட என்னைய ஏசுனதில்ல" என்று சொல்லாமல் விடமாட்டாள். கேட்டவர்கள் எரிச்சல்பட்டது அவளுக்குத் தெரியாது. தெரிந்தாலும் நிறுத்தியிருக்கமாட்டாள்.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் அவருக்குச் சிறுநீரில் ரத்தம் போயிற்று. கிட்னியில் கட்டி என்று ஒரு கிட்னியையே எடுத்தார்கள். எடுத்த பிறகு படம் பிடித்துப் பார்த்தால் நுரையீரலிலும் புள்ளி புள்ளியாகப் பரவியிருந்தது. இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். ஒன்றை மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக ஏற்றுவார்கள். இன்னொன்று இன்டர்ஃபெரான் என்ற ஊசி. அதை ஒன்றுவிட்டு ஒருநாள் வீட்டிலேயே வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்துப் போட வேண்டும். போடுவதற்கு ஒச்சாயி கற்றுக்கொண்டாள்.

"காய்ச்சல் வரும், குளிரும், வாய் கசக்கும். தாங்க முடியாமப் போனா ஊசியக் கொறைக்கலாம், நிறுத்தியும் வைக்கலாம். சாப்பாடு, தூக்கம், மனசு, எதுல மாறுதல் தெரிஞ்சாலும் மறைக்காமச் சொல்லணும்மா" என்றார் டாக்டர். ஒச்சாயியின் காதில் நிறுத்தி வைக்கலாம் என்பது மட்டும்தான் விழுந்தது. நிறுத்தினால் புருஷன் போய்விடுவார் என்று அவளாக முடிவு கட்டிக்கொண்டாள்.

வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது. பக்கத்து வீட்டு ராதாமணி தன் ஃப்ரிட்ஜில் தயிருக்கும் மல்லிகைப் பூவுக்கும் நடுவில் மருந்துக்கு இடம் ஒதுக்கியிருந்தாள். ஊசி போட்ட சாயங்காலமெல்லாம் பேயாண்டிக்குக் குளிர் தூக்கிப் போடும். ஒச்சாயி இரண்டு போர்வையைப் போர்த்திவிட்டு, அதன்மேல் கையைப் போட்டு அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதெல்லாம் அவளுக்குப் பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை. ஊசி ஆரம்பித்த மூன்றாம் மாசம் எடுத்த படத்தில் புள்ளிகள் பாதியாகச் சுருங்கியிருந்தன. டாக்டரே சிரித்தார்.

அந்த வாரம்தான் பேயாண்டி முதல் தடவையாகத் தட்டை வீசினார்.

ரசம் சோறு சுவரில் வழிந்தது. "ஊசியப் போட்டுப் போட்டு ஏன்டி என்னைய வச்சுக்கிட்டு இருக்க? புருஷனக் காப்பாத்துறேன்னு ஊருக்குக் காட்டிக்கணும், அதான?" என்றார். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய மனுஷன் வாயிலிருந்தா இது வருகிறது என்று ஒச்சாயி பார்த்துக்கொண்டே நின்றாள்.

சத்தம் கேட்டு ராதாமணி வாசலுக்கு வந்துவிட்டாள். "என்னக்கா, அண்ணன் சத்தமா?"

"டிவி ராதா. சத்தமா வச்சுட்டேன்."

அப்புறம் அடிக்கடி டிவி சத்தமாக வைக்கப்பட்டது. ராதாமணி ஒன்றும் கேட்காமல் மருந்தை எடுத்துக் கொடுத்தாள். மார்கழி பிறந்ததும் சத்தமும் நின்றுபோயிற்று. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார், தூங்கவுமில்லை. முகம் மழித்துவிட வந்த சலூன் கடைக்காரரை வேண்டாமென்று திருப்பி அனுப்பினார். தேனியில் கட்டிக் கொடுத்திருந்த மகள் சத்யப்ரியா போன் பண்ணினால், பேச ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினார். சத்தத்தைவிட இது ஒச்சாயிக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் கேட்டதும், "நல்லாத்தான் இருக்காரு சார்" என்று முந்திக்கொண்டு சொன்னாள். புருஷனை ஒரு அந்நிய மனுஷரிடம் விட்டுக்கொடுக்க அவளுக்கு வாய் வரவில்லை. போதாததற்கு, மருந்து வேலை செய்துகொண்டிருந்தது.

ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டிலிருந்து மருந்தோடு வந்தவள் கட்டிலைப் பார்த்தாள். ஆள் இல்லை. செருப்பு மட்டும் கிடந்தது.

தெருத் தெருவாக ஓடினாள். அவனியாபுரம் போகும் பாதையில் ஆடு மேய்க்கிறவர்தான், கண்டக்டர் கண்மாய்ப் பக்கம் போனாரே என்றார். மழைக்குக் கண்மாய் நிறைந்து கிடந்தது. கரையில், தண்ணீருக்குச் சற்று மேலே, பேயாண்டி உட்கார்ந்திருந்தார். ஒச்சாயி மூச்சு வாங்கப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"திரும்பி வாரதா நெனைக்கல ஒச்சாயி" என்றார். குரலில் கோபம் இல்லை. "ஒக்காந்தேன். அதுக்கப்புறம் எந்திரிக்கத் தெம்பு வரல. அம்புட்டுதான்."

எந்திரிக்கத் தெம்பு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவர் சொல்லவில்லை. "வாங்க மாமா, வீட்டுக்குப் போவோம்" என்று கையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அன்றைக்கு அவள் ஊசி போடவில்லை. விடிந்ததும் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

"எப்படி இருக்கீங்க பேயாண்டி?"

"நல்லா இருக்கேன் சார்."

"இல்ல சார்" என்றாள் ஒச்சாயி. "நல்லா இல்ல."

தட்டை வீசியதையும் ராத்திரியெல்லாம் முழித்துக் கிடந்ததையும் சொன்னாள். கண்மாய்ப் பேச்சு வந்ததும் பேயாண்டி, "போதும் ஒச்சாயி" என்றார். அவள் நிறுத்தவில்லை. கடைசிச் சொல்வரை சொல்லிவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் ஒச்சாயி பக்கம் திரும்பினார். "இது அவரு கொணம் இல்லம்மா. இந்த ஊசி சிலபேருக்கு மனசையும் அடிச்சுரும். நிறுத்தினா சரியாகும். மனசுக்குப் பாக்குற டாக்டரையும் இன்னைக்கே பாத்துருங்க. கொஞ்ச நாளைக்கு அவரத் தனியா விடாதீங்க."

"நிறுத்துனா அந்தப் புள்ளி சார்?"

"வளரலாம், வளராமலும் இருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது."

பேயாண்டி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒச்சாயி அவரை ஒரு தடவை பார்த்தாள். "நிறுத்திருங்க சார்" என்றாள்.

ஊசியை நிறுத்தியும் அவர் பல நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டு விஷயத்தைச் சபையில் வைத்துவிட்டாள் என்ற கோபம் இருக்கத்தான் செய்யும். அவளும் வலியப் போய்ப் பேசாமல் வேளைக்கு மாத்திரையைக் கொடுத்தாள். தை பிறந்து ஒருநாள், சுண்டைவற்றல் குழம்பை நக்கிப் பார்த்துவிட்டு, "உப்பு என்ன, ராதாமணி வீட்டு ஃப்ரிட்ஜ்ல இருக்கா?" என்றார். ஒச்சாயி அடுப்படிக்குள் போய் அழுதாள். உப்பு எடுத்துக்கொண்டு வரக் கொஞ்சம் நேரமாயிற்று.

மாசியில் எடுத்த படத்தில் புள்ளிகளில் இரண்டு வளர்ந்திருந்தன. மருந்து ஏற்றுவது தொடரட்டும், ஊசியைப் பாதி அளவில் மறுபடி ஆரம்பித்துப் பார்க்கலாமா, ரெண்டு பேரும் யோசித்துச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் ஒச்சாயி உடைந்துபோனாள்.

"என்னாலதான மாமா. பாதியாச் சுருங்குனது. வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா இன்னேரம் இல்லாமயே போயிருக்கும்."

பேயாண்டி எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "புள்ளி போயிருக்கும். நானும் போயிருப்பேன். மறுநா எனக்குத் தெம்பு வந்துருந்தா நீ யாரத் தேடிக்கிட்டு ஓடியிருப்ப?" கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினார். "அப்பப் பேசுனதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு ஒச்சாயி. ஒரு சொல்லு விடாம இருக்கு. நீ மறந்துரு."

"மறந்துட்டேன்" என்றாள், மறக்காமலேயே.

"ஊசி போட்டுக்கிறேன். இருக்கணும்னு இப்பத்தான் ஆசையா இருக்கு" என்று எழுந்தார்.

உள்ளே போனார்கள். டாக்டர் கேட்டார்: "போட்டுப் பாப்போமா? மனசு இப்ப எப்படி இருக்கு?"

பேயாண்டி பதில் சொல்ல வாயெடுத்தார். பிறகு தான் உட்கார இருந்த நாற்காலியை மனைவி பக்கம் நகர்த்தினார்.

"அவகிட்டக் கேளுங்க சார். என்னையக் கேட்டா நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவேன். இனிமே நீங்க எப்பக் கேட்டாலும் அவகிட்டயே கேளுங்க."

ஒச்சாயி உட்கார்ந்து, நேற்று ராத்திரி அவர் எவ்வளவு நேரம் தூங்கினார் என்பதிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.