பேச்சு நின்றால் திறக்கலாம்

"அதத் திறந்து விடுங்க சிஸ்டர்" என்று பெயிண்டர் கெஞ்சினான். ஆம்புலன்ஸ் இன்னும் அவன் தெருவைக்கூடத் தாண்டவில்லை. ஸ்ட்ரெச்சரில் அவன் மனைவி சுண்ணாம்பாய் வெளுத்துக் கிடந்தாள். தலைக்கு மேல் சலைன் பை முழுசாகத் தொங்கியது. குழாய் அவள் கையில் ஏறியிருந்தது. ஆனால் குழாயின் நடுவிலிருந்த சின்னச் சக்கரத்தை நர்ஸ் இறுக மூடி வைத்திருந்தாள். ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. பார்க்கிறவனுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

நர்ஸுக்கு மட்டும் திறக்கக் கை பரபரக்கவில்லையா என்ன? தள்ளிப்போன மாதவிலக்கு, கல்லாக இறுகிய வயிறு, நிற்காத வேர்வை. கரு கர்ப்பப்பைக்கு வெளியே கருக்குழாயில் வளர்ந்து வெடித்திருக்க வேண்டும் என்று போனில் டாக்டரும் சொல்லிவிட்டார். "பதில் சொல்ற வரைக்கும் மூடியே வை. பேச்சு நின்னா கொஞ்சமா திற" என்பது அவர் உத்தரவு.

"உள்ள ரத்தம் ஓடுதுங்க" என்று பெயிண்டருக்கு விளக்கினாள். "வெடிச்ச எடத்துல ரத்தம் உறைஞ்சு ஏதோ கொஞ்சம் அடைச்சு வச்சிருக்கு. நான் தண்ணிய ஏத்தினா பிரஷர் ஏறும், அந்த அடைப்பு பிச்சுக்கிட்டுப் போயிரும். ஆபரேஷன் பண்ணினாத்தான் நிக்கும். பேச்சு நின்னா மூளைக்கு ரத்தம் பத்தலன்னு அர்த்தம், அப்ப மட்டும் கொஞ்சம் ஏத்தியே ஆகணும்."

முன் சீட்டிலிருந்து டிரைவர் வாயைத் திறந்தார். அவருக்கு மினிஸ்டர் என்று பட்டப்பெயர். தனக்கு முன்னால் எந்த வண்டி போனாலும் பொறுக்காது. "அந்தக் காலத்துல ரெண்டு கையிலயும் ரெண்டு பையப் போட்டு ஓட விடுவோம். இப்ப என்னடான்னா பூட்டி வச்சுப் பாக்கறாங்க."

"நீங்க ரோட்டப் பாருங்கண்ணே."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கும் அது நிச்சயமில்லை. பயிற்சியிலேயே இதற்காக இரண்டு டாக்டர்கள் அடித்துக்கொள்ளாத குறையாகச் சண்டை போட்டதைப் பார்த்தவள் அவள். சீக்கிரம் திறந்தாலும் போச்சு, தாமதமாகத் திறந்தாலும் போச்சு. மாட்டிக்கொண்டு முழிப்பது டாக்டர்களா? இவள்தான்.

ரோடு என்று பேர், அத்தனையும் பள்ளம். பிரஷர் பார்க்கும் மெஷின் குலுக்கலில் எண் காட்டாமல் மறுபடி மறுபடி உறுமியது. மணிக்கட்டில் துடிப்பது நாடியா வண்டியா என்று புரியவில்லை. மிச்சமிருந்தது பேச்சு ஒன்றுதான். ஆக்சிஜன் முகமூடியைப் பிடித்துக்கொண்டே, "நீங்க அவங்ககிட்டப் பேசிட்டே வாங்க. பதில் வருதான்னு மட்டும் சொல்லுங்க" என்றாள்.

அவன் குனிந்தான். "ஏம்மா, நான் பேசறது கேக்குதா?"

பதில் இல்லை. மறுபடி கேட்டான். இல்லை. நர்ஸின் விரல் சக்கரத்துக்குப் போனது.

"சிஸ்டர்..." அவன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். "அவ எங்கிட்டப் பேசறதில்ல. நேத்துலேருந்து கோவம்."

அடப்பாவி என்று வந்த வார்த்தையை நர்ஸ் விழுங்கினாள். உயிர் ஊசலாடுகிற நேரத்தில், வாய் மூடியிருப்பது கோபத்தாலா மயக்கத்தாலா என்று எவள் கண்டாள்? இந்தக் கூத்தை எந்த வகுப்பிலும் யாரும் சொல்லித் தரவில்லை. நோயாளியின் காதருகே குனிந்தாள். "அக்கா, எங்கக்கா வலிக்குது?"

"வயிறு... தோள்பட்டை." முகமூடிக்குள்ளிருந்து குரல் வந்தது. "அந்தாளப் பேச வேணாம்னு சொல்லு."

ஒரு புருஷன் பெண்டாட்டி சண்டையைக் கேட்டு நர்ஸ் இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை. சக்கரம் மூடியே இருந்தது.

சந்தோஷம் அடுத்த பாலம் வரைக்கும்கூட நிலைக்கவில்லை. அக்கா அக்கா என்று கூப்பிட்டாள், தோளை அழுத்திக் கிள்ளினாள். இமைகூட அசையவில்லை. பெயிண்டருக்குப் பதறியது. வாய்க்கு வந்ததைப் பேசினான். "உங்க அண்ணன் ஒரு ஊதாரி. அவன நம்பி ஒரு டப்பா பெயிண்ட் குடுக்க முடியுமா?"

உதடு அசைந்தது. "அவன இழுக்காத."

"பேசறா சிஸ்டர்."

"இன்னும் பேசுங்க. திட்டுங்க, எதையாவது சொல்லுங்க."

அண்ணன், அண்ணி, மாமியார் என்று அவன் ஒருத்தரையும் விட்டு வைக்கவில்லை. பதில் தேய்ந்துகொண்டே போய் நின்றது. அவன் கையைப் பிசைந்தான். இன்னும் ஒன்று மிச்சமிருப்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

"என்னங்க? சொல்லுங்க."

"நேத்து வலிக்குதுன்னு துடிச்சா சிஸ்டர். எங்க அக்கா வீட்டுக்கு வராம இருக்க நடிக்கறன்னு சொல்லிட்டேன்." அவன் குனிந்து மனைவியின் முகத்தைப் பிடித்துக்கொண்டான். கண்ணீர் அவள் நெற்றியில் விழுந்தது. "ஏய், எழுந்திரு. நடிக்காத. இதெல்லாம் நாடகம்."

"நடிக்கல" என்றாள் அவள்.

"நாடகம்தான். எனக்குத் தெரியாதா?"

"நடிக்கல..."

மினிஸ்டர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவேயில்லை. இவன் அந்தப் பாழாய்ப்போன வார்த்தையையே திரும்பத் திரும்பச் சொன்னான். சொல்லும்போதெல்லாம் தலையில் தானே அடித்துக்கொண்டான். அவளும் விடாமல் மறுத்தாள். முதலில் வார்த்தையாக, அப்புறம் முனகலாக. ஆஸ்பத்திரி இருந்த சாலைக்குள் வண்டி திரும்பியபோது முனகலும் இல்லை.

நர்ஸ் சக்கரத்தைத் திறந்தாள். பைக்குக் கீழே சொட்டு விழத் தொடங்கியது.

அவ்வளவு நேரம் அதற்காகக் கெஞ்சியவன் அதைப் பார்த்ததும் அலறினான். "மூடுங்க சிஸ்டர். அவ பேசுவா. இப்பப் பேசுவா பாருங்க, மூடுங்க."

ஆஸ்பத்திரி வாசலில் ஆட்கள் தயாராக நின்றார்கள். ஸ்ட்ரெச்சரோடு ஓடிக்கொண்டே நர்ஸ் சர்ஜனிடம் மூச்சிரைக்கச் சொன்னாள். "இவ்வளவு நேரம் பேசிட்டு வந்தாங்க டாக்டர். இப்பத்தான் நின்னுச்சு. கொஞ்சம்தான் ஏத்தியிருக்கேன். கழுத்துல நாடி இருக்கு." அவள் செய்தது சரி என்றும் அவர் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. ஆபரேஷன் தியேட்டர் கதவு சாத்திக்கொண்டது.

பெயிண்டர் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். "கடைசியா அவ காதுல விழுந்தது அதுதான, சிஸ்டர்?"

நர்ஸ் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கோவமாவே இருக்கட்டும்" என்றான் அவன். "காலம் பூரா எங்கிட்ட ஒரு வார்த்த பேச வேணாம். மூஞ்சியத் திருப்பிக்கிட்டே வீட்டுல இருக்கட்டும். இருந்தாப் போதும்."