சுருளிராஜனுக்கு என்ன தெரியும்?

ஜெபராணிக்கு அலுத்துவிட்டது. சின்னமனூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, வழக்கில் மாட்டிய சிறுவர்களை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்துப் பிள்ளைகளிடம் பேசிவிட்டு, மறுபடி நின்றுகொண்டே வீடு திரும்புகிற மனநல ஆலோசகர் வேலை. "பையனிடம் குறையைத் தேடாதீர்கள், திறமையைத் தேடுங்கள்" என்று பயிற்சி வகுப்பில் ஏசி போட்டுக்கொண்டு சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள், மகராசர்கள்.

அவளும் தேடத்தான் செய்தாள். சுருளிராஜன் மேகமலைப் பக்கத்துப் பளியர் பழங்குடிக் குடியிருப்புப் பையன். எஸ்டேட்டில் ஏலக்காய் மூட்டை காணாமல் போனதற்கு, கைக்கு அகப்பட்டவன் என்று பிடித்து வந்து அடைத்திருந்தார்கள். அவனை எப்படியாவது ஜாமீனில் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்பதுதான் அவளுக்கு எண்ணம். பையனோ வாயே திறக்கவில்லை. விடாமல் கேட்டுக் கேட்டு, ஒருநாள் திறந்தான்.

"தேன் எடுப்பேன்க்கா. செங்குத்துப் பாறையில கொடியப் புடிச்சு எறங்குவேன். காட்டுக்குள்ள இருட்டுலயும் வழி தெரியும்."

சொல்லும்போது முகத்தில் என்ன களை! ஜெபராணிக்குத் தலைகால் புரியவில்லை. விசாரணையன்று இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்னால் அத்தனையையும் ஒன்றுவிடாமல் பெருமையாக எடுத்துச் சொன்னாள்.

மாஜிஸ்திரேட் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "இவன வெளிய விட்டா மலைக்குள்ள போயிருவான். அப்புறம் யாரு போய்த் தேடுறது?"

ஜாமீன் இல்லை. இல்லத்திலும் அன்றைக்கே அவனை மதிலோரத்து அறையிலிருந்து மாற்றி உள்ளறையில் போட்டுப் பூட்டினார்கள். அட கடவுளே, நல்லது செய்யப் போய் இப்படியா!

அடுத்த விசாரணைக்குள் குழுமமே புது ஆட்களாக மாறியிருந்தது. உள்ளே கூப்பிடும் முன்பு ஜெபராணி வராந்தாவில் அவனை ஓரமாக இழுத்தாள். "ஏலே, என்ன தெரியும்னு அவுக கேட்டாகன்னா, ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிரு. தேனு, பாறைன்னு பேச்சே எடுக்காத."

"நீங்கதானக்கா சொல்லச் சொன்னீக?"

"வீட்டுக்குப் போகணுமா, வேணாமா?"

போய் நின்றான். கேட்டார்கள். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கம்மா" என்றான். பாவம், வெள்ளந்திப் பிள்ளை என்று குழுமமே உச்சுக்கொட்டியது. ஜாமீன் கிடைத்துவிட்டது.

வாசலில் அவன் தாய் கருத்தம்மாள் ஜெபராணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகையோடு பெருமையும் பொத்துக்கொண்டு வந்தது. "எங்க குடியில இவன மாதிரி பாறையில எறங்க ஆளு கெடையாது, தெரியுமாம்மா? ஏலே, அக்காகிட்டச் சொன்னியா?"

"எனக்கு அதெல்லாம் தெரியாது ஆத்தா" என்றான் சுருளிராஜன், தரையைப் பார்த்தபடி.

பிள்ளை விளையாடுகிறான் என்று கருத்தம்மாள் சிரித்தாள். ஜெபராணியால் அவனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.