பிறக்கிராசிக் கறுப்பு

இரத்தினம்மாவுக்குச் சின்ன வயதிலிருந்தே இருட்டான சாமான்களில்தான் கண். ஊரில் மற்றப் பெண்பிள்ளைகள் சிவப்பு வளையலுக்கும் கிளிப்பச்சைச் சீலைக்கும் அழுதபோது, இவள் கருவளையல் கேட்டு அடி வாங்கினாள். கலியாண வீட்டு மேளம் அவள் காதில் ஏறாது. செத்த வீட்டுப் பறை கேட்டால் போதும், சோற்றுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு வேலியடிக்கு ஓடுவாள். கடையில் சீனி சுற்றித் தருகிற இங்கிலீசுப் பேப்பரில் கட்டம் கட்டமாய்க் கீறிய படங்கள் வரும். முகமூடி போட்ட ஒருத்தன் கூரைக்குக் கூரை தாவுவான், அவனுடைய நிழல் அவனைவிடப் பெரிதாய்ச் சுவரில் விழும். அந்தக் கட்டங்களை வெட்டி அறைச் சுவரில் சோற்றுப் பசையால் ஒட்டி வைத்திருந்தாள். அதில் ஒரு எழுத்தும் அவளுக்கு வாசிக்கத் தெரியாது. தெரிய வேண்டும் என்று அவள் கவலைப்பட்டதும் இல்லை.

என்ன பிறவியோ என்று ஆரையம்பதி ஊரே தலையில் அடித்துக்கொண்டது. அவளைக் கட்டிய கனகசிங்கம் மட்டும் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தான், கிழித்துப் போடு என்று சொல்லவில்லை. அந்த ஒரு காரியத்துக்காகவே அவன்மேல் உயிராய் இருந்தாள். சும்மா சொல்லக் கூடாது, ஆளும் நல்ல வடிவு. முகத்துவாரத்திலிருந்து கொப்பறாவும் நெல்லும் ஏற்றித் திருகோணமலைக்குப் போகும் பாய்க்கப்பலில் கணக்கப்பிள்ளை வேலை.

ஒரு மாரிகாலத்தில் அந்தக் கப்பல் போனது போனதுதான். மாங்கேணிக் கரையில் பலகை ஒதுங்கியது, பாய்ச்சீலை ஒதுங்கியது, அடையாளம் தெரியாத இரண்டு உடம்பும் ஒதுங்கின. கனகசிங்கத்தின் உயரத்துக்கு அவற்றில் ஒன்றும் இல்லை.

ஆண்டு திரும்பியதும் தாய்மாமன் கோணாமலை வந்து உட்கார்ந்தார். கோயில் காரியம் பார்க்கும் வண்ணக்கர், பேச்சில் நிறுத்தம் வைக்காத மனிதர். தாலியைக் கழற்று, வெள்ளை உடு, நான் பிண்டம் வைக்கிறேன், பிறகு காலம் பார்த்து வேறு நல்ல இடத்தில் கட்டி வைக்கிறேன் என்றார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை அவருக்கு. தாலி அறுத்தவளை மறுபடி கட்டிக் கொடுப்பதை எங்கள் பக்கத்தில் யாரும் குற்றமாய்ப் பார்ப்பதும் இல்லை. இரத்தினம்மா மாட்டேன் என்றாள்.

"பிரேதம் வரல்ல அம்மான். வராத பிரேதத்துக்கு நான் வெள்ளை உடுத்தா, அவர் வாற வழியை நானே அடைச்ச மாதிரி."

சரி, வெள்ளை வேண்டாம் என்றால் என்னத்தை உடுப்பது? நிறச் சீலையோடு கிணற்றடிக்குப் போனால், புருசன் கடலில் கிடக்கிறான், இவளுக்குப் பூச்சீலை கேட்கிறது என்று பெண்கள் வாளியை இறக்கி வைத்துவிட்டுப் பேசினார்கள். வெள்ளை உடுத்தால் அவன் செத்தவன். நிறம் உடுத்தால் இவள் கெட்டவள். பாவம், ஒவ்வொரு நாள் விடியவும் பெட்டகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதாள்.

அந்த நேரத்தில்தான் புளியந்தீவுக்கு பயஸ்கோப்புக் கூடாரம் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்களோடு இவளும் கல்லடிப் பாலம் தாண்டிப் போனாள். பேசாத படம். திரைக்குப் பக்கத்தில் கோட்டுப் போட்ட ஒருவர் பிரம்பும் கையுமாய் நின்று தமிழில் கதை சொல்லிக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரர் தேசம், ஆனால் வீடெல்லாம் கோணலாய்ச் சரிந்து நிற்கிறது. கழுத்திலிருந்து கால்வரை கறுப்பு அங்கி போட்ட ஒரு பெண் நீளமான படியில் இறங்கி வருகிறாள். அவளுக்கு முன்னே அவளுடைய நிழல் வருகிறது. தன் அறைச் சுவரை யாரோ பெரிதாக்கி எழுப்பி நடக்க விட்டதைப் போல இருந்தது இரத்தினம்மாவுக்கு.

இவளுடைய புருசன் கடலோடு போனவன் என்று கோட்டுக்காரர் முழங்கினார். இவள் கறுப்பை அவிழ்க்கும்வரை கடலுக்கு அவன்மேல் உரிமையில்லை, அவனைத் திருப்பித் தந்தே ஆக வேண்டும் என்றார். கரையில் அவள் கையை நீட்டுகிறாள், தூரத்தில் ஒரு பாய் தெரிகிறது, அவ்வளவில் திரை வெறும் வெள்ளையாகிவிட்டது. கடைசிச் சுருள் கொழும்பிலிருந்து வந்து சேரவில்லையாம். சனம் கூச்சல் போட்டு, உட்கார்ந்திருந்த வாங்கை உடைக்கப் பார்த்தது. இரத்தினம்மா சனத்துக்குள் புகுந்து போய்க் கோட்டுக்காரரைப் பிடித்து, அவன் வந்தானா என்று கேட்டாள்.

"கடைசிச் சுருளை நானும் கண்டதில்லை, தங்கச்சி," என்றார் அந்த மனிதர். "அந்தப் பாசையும் எனக்குத் தெரியா. படத்தைப் பாத்து வாயில வந்ததைச் சொன்னன்."

முதல் வசனம்தான் அவள் காதில் ஏறியது. மற்றது ஏறியிருந்தாலும் அவள் கேட்டிருப்பாளா என்பது சந்தேகம்.

அடுத்த கிழமையே காத்தான்குடித் தையற்காரர் மீராசாஹிபின் வாசலில் போய் நின்றாள். மீராசாஹிப் நீதிமன்றத்தில் வாதாடப் போகிற பிறக்கிராசிமாருக்குக் கறுப்பு அங்கி தைக்கிறவர். நல்ல கறுப்பு வேண்டுமென்றால் இந்தப் பக்கத்தில் அவரிடம்தான். கரித்துண்டை எடுத்து அவருடைய பலகையில் அந்தச் சட்டையைக் கீறிக் காட்டினாள். நாடியைத் தொடுகிற கழுத்து, விரல்வரை கை, இடுப்பிலிருந்து நிலம் கூட்டுகிற பாவாடை, மணி இல்லை, கரை இல்லை, ஒரு பூவும் இல்லை. மீராசாஹிபுக்கு வேர்த்துவிட்டது.

"புள்ள, இது பிறக்கிராசிமார் உடுக்கிற துணி. பொம்பிளைக்கு இதில நான் ஊசி குத்தினா ஊர் என்னைத்தான் ஏசும்."

சொன்னாரே தவிர, கண் பலகையை விட்டு எடுபடவில்லை. கழுத்துப் பட்டியை உள்ளே இரட்டைத் துணி கொடுத்துத் தைத்தால்தான் நிமிர்ந்து நிற்கும் என்று தனக்குள் முணுமுணுத்தார். அதோடு காரியம் முடிந்தது. அவர் மனைவி நபீஸா உள்ளே கூட்டிப்போய் நூல்கயிற்றால் அளவெடுத்தாள். எடுக்கும்போதே, உனக்கு இது அழகாய்த்தான் இருக்கும், ஆனால் எனக்குப் பயமாய் இருக்கிறது என்று பச்சையாய்ச் சொன்னாள்.

உடுத்தாள். ஊர் பட்ட பாடு சொல்லி முடியாது. ஒரு பொழுது சாய்கிற நேரம் வாவிக்கரையில் நின்றவளைக் கண்டு தோணியில் வந்த இரண்டு பேர் வலையை விட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். பிள்ளைகள் அவள் வேலியைக் கடக்கும்போது ஓட்டம் பிடித்தார்கள். பேய் பிடித்தவள் என்றார்கள், பிறகு பேயே அவள்தான் என்றார்கள். இரத்தினம்மாவுக்கோ பல மாதத்துக்குப் பிறகு நிமிர்ந்து நடக்க முடிந்தது. கிணற்றடியில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. வெள்ளையும் இல்லை, நிறமும் இல்லை, இதற்கு என்ன பெயர் வைப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

ஆனால் நிம்மதியாய் இருந்தாள் என்று நினைக்க வேண்டாம். கண்ணயர்ந்தால் அவன் வந்தான். கிணற்றடியில் இடுப்பில் ஈரச் சாரத்தோடு நின்றான். கிட்ட வரமாட்டான், கூப்பிட்டால் நிமிர்ந்து பார்க்கமாட்டான். எழும்பிப் போய்ப் பார்த்தால் கிணற்றுக் கட்டு சில நாள் நனைந்தே இருந்தது. தான் இழுக்கிறேன், அவன் வருகிறான், இன்னும் கொஞ்சம் இழுத்தால் வாசலுக்கு வந்துவிடுவான் என்று அவள் நம்பினாள். நம்பி நம்பி உடம்பு இளைத்துச் சட்டை தொளதொளத்துப் போனது.

இப்படியே வருஷங்கள் போயின. கோணாமலை கடைசியாய் ஒரு நாள் குறித்தார். வருகிற ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தத்தில் மருமகனுக்குப் பிண்டம் வைப்பேன், அன்றைக்கு நீ வெள்ளையோடு வந்து என் பக்கத்தில் நிற்க வேண்டும், இல்லையென்றால் எனக்கு மருமகளே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் அரண்டுபோனாள். அம்மானும் விட்டால் அவளுக்கென்று ஒரு மனிதர் இல்லை.

அமாவாசைக்குக் கிட்ட, நல்ல உச்சி வெயிலில், வேலிப் படலையைத் திறந்துகொண்டு கனகசிங்கம் வந்தான்.

கொஞ்சம் பருத்திருந்தான். சாரம் காய்ந்திருந்தது. காலில் செருப்பு இருந்தது. அதைப் பார்த்துத்தான் இது கனவு இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஓடிப்போய்ப் பிடிக்கக் காலெடுத்தாள். அவன் அவளைப் பார்த்துவிட்டு ஓரடி பின்னுக்கு வைத்தான். அந்த ஓரடிதான் அவளை நிறுத்தியது.

சொல்ல வேண்டியதையெல்லாம் அவன் நிலத்தைப் பார்த்துச் சொன்னான். கப்பல் காற்றில் மாட்டுவதற்கு முன்னமே வழியில் கல்குடாவில் இறங்கிவிட்டானாம். மூதூரில் ஒருத்தி இருக்கிறாளாம், அப்போதே இருந்தாளாம். கப்பல் மூழ்கிய செய்தி வந்தபோது, செத்தவனாய் இருந்துவிட்டால் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை என்று பேசாமல் இருந்துவிட்டானாம். இரண்டு பிள்ளைகளாம். பிறகு தோணிக்காரர் கதை கொண்டுவந்தார்கள், மட்டக்களப்பு வாவிக்கரையில் கறுப்பு உடுத்த பெண் ஒருத்தி கடலில் போன புருசனைக் கூப்பிடுகிறாள் என்று. அன்றைக்குத் தொடங்கியது. மூதூர் வீட்டு வாசலில் ஒருத்தி வந்து நிற்கிறாள். கழுத்துவரை கறுப்பு, நுனியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, பேசமாட்டாள். தனக்குத்தான் மண்டைக் கோளாறு என்றிருந்தானாம். ஒருநாள் சின்னப் பிள்ளை வாசலைக் காட்டி, அதில நிக்கிற மாமி ஆரப்பா என்று கேட்டதாம்.

இதைச் சொல்லும்போது அழுதான்.

"கறுப்பை அவிழ், இரத்தினம். அம்மான் சொல்ற மாதிரி வெள்ளையை உடு. நான் செத்த ஆளாவே இருந்திட்டுப் போறன்."

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் கையில் கத்தி இருந்திருந்தால் என்ன நடந்திருக்குமோ. மூதூர்! கப்பலேறி எட்டாத தேசத்துக்குப் போனானா? மூன்று நாலு நாள் நடந்தால் வருகிற மூதூர். இவனுக்காகவா இந்த வெயிலில் கழுத்துவரை பூட்டிக்கொண்டு வெந்தேன் என்று நெஞ்சு எரிந்தது. பிறகு, எரிந்த இடத்தில் ஒன்றும் இல்லாமல் போனது. தடவிப் பார்த்தாள், உண்மையாகவே ஒன்றும் இல்லை. பசிக்கிறதா என்று கேட்டாள். ஓம் என்றான்.

கிணற்றடியில் தலை முழுகிவிட்டு வந்து சமைத்தாள். அவனுக்கு விருப்பமான இறால் பொரியல், முருங்கைக்காய்ப் பால்கறி, பச்சரிசிச் சோறு. ஒன்றையும் ருசி பார்க்கவில்லை. உள்வீட்டில் விளக்கேற்றி, வாழையிலையை நுனி தெற்கே பார்க்க விரித்து, எல்லாவற்றையும் ஒரேயடியாய்ப் படைத்து, பக்கத்தில் இளநீர் வெட்டி வைத்தாள். உப்பு வைக்கிற இடத்தில் தாலிக்கொடியைக் கழற்றி வைத்தாள். இலைக்கு முன்னே இருங்கள் என்றாள். அவன் இருந்ததும் வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

செத்தவருக்கு எட்டாம் நாள் இப்படித்தான் படைப்போம். அவர் வந்து உண்ணட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வீட்டார் எல்லோரும் வெளியே நிற்போம். கனகசிங்கத்துக்கு இது தெரியாததல்ல, தன் தகப்பனுக்கு அவனே செய்தவன். கதவுச் சத்தம் கேட்டதும் உள்ளே அவன் எழும்பியது அவளுக்குக் கேட்டது. பிறகு மெல்ல உட்கார்ந்தான். பசி பொல்லாதது, சாப்பிட்டான்.

கதவைத் திறந்து வெளியே வந்தபோது அவன் முகத்தில் இரத்தமே இல்லை. கையில் தாலிக்கொடி இருந்தது. இதை என்ன செய்வது என்று கேட்டான்.

"கொண்டு போங்க. அது நீங்க கட்டினது. அம்மானிட்டச் சொல்லுறன், அமாவாசைக்கு உங்களுக்குப் பிண்டம் வைப்பார். அதில ஒரு குறையும் வராது."

"அப்ப இந்தக் கறுப்பு?"

இரத்தினம்மா குனிந்து தன்னைப் பார்த்தாள். கையை நீவிவிட்டாள்.

"உங்களுக்காக உடுத்தன் எண்டுதான் நானும் நினைச்சிருந்தன். இல்லை. இது நான் கீறித் தைப்பிச்சது. எனக்குப் பிடிச்ச உடுப்பு. இதை நான் அவிழ்க்கமாட்டன்."

"அவள் வந்து நிக்கிறாளே, இரத்தினம்," என்றான். குரல் குழந்தையினது போல இருந்தது. "பிள்ளைகளுக்குத் தெரியுதே."

"வந்து நிக்கிறவள் ஆரெண்டு எனக்குத் தெரியா. நான் இஞ்சதான் இருக்கன்."

அவன் படலையடிக்குப் போனான். அவள் எச்சில் இலையைச் சுருட்டவில்லை. படையலில் மிஞ்சியதை எடுப்பதுபோல இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தாள். படைத்த சோற்றைக் காகம் தொட்டால்தான் செத்தவர் ஏற்றுக்கொண்டார் என்று கணக்கு. சில வீட்டில் மணிக்கணக்காய்க் கரைந்து கூப்பிட்டாலும் வராது. கனகசிங்கம் படலையைப் பிடித்தபடி நின்று பார்த்தான். வந்துவிடக் கூடாது என்று அவன் வாய் முணுமுணுத்தது அவளுக்குத் தெரிந்தது.

அவள் கூப்பிடவே இல்லை. பூவரசிலிருந்து ஒரு காகம் இறங்கி, நேரே இலைக்கு வந்து, அவன் தின்று மிஞ்சிய சோற்றைக் கொத்தியது.