ஒரு போத்தலுக்கு மூன்று விலை

ஜன்னலோரச் சோபாவில் பெர்னடெற் இருந்தார். ஹீற்றருக்குப் பக்கத்து நாற்காலியில், மடியில் எழுதும் அட்டையோடு, கணவர் கிறிஸ்துராஜா. மூலையில் கொம்பியூட்டர் மேசையில் மகன் தீபன். நடுவிலிருந்த சின்ன மேசையில் ஒரு சிவப்பு வைன் போத்தல். 2006இல், லண்டன் குட்மேய்ஸ் வீட்டில், ஞாயிறு பூசைக்குப் போய் வந்த பிற்பகல் அது.

போத்தலைக் கொண்டுவந்தவர் டொலறஸ். தீபன் விரும்பும் அஞ்சலீனாவின் தாய். முந்தின நாள் வேலை ஷிப்ட் முடிந்த கையோடு, கோலியர்ஸ் வுட்டிலிருந்து ரயிலேறிச் சம்பந்தம் பேச வந்திருந்தார். அப்படிப்பட்ட பேச்சுக்குக் கடிதத்தில்தான் பதில் போகவேண்டும் என்பது கிறிஸ்துராஜாவின் ஒழுங்கு.

“தம்பி, இது என்ன விலையெண்டு இன்ரநெற்றில பார்,” என்றார் பெர்னடெற்.

தீபன் போத்தலின் பெயரைத் தட்டினான். முதலில் வந்தது ஸ்பெயின் கடையொன்று.

“மூண்டு யூரோ.”

பெர்னடெற்றின் முகம் சுருங்கியது. “ஒரே பிள்ளையின்ர சம்பந்தத்துக்கு மூண்டு யூரோ மரியாதை. இஞ்சருங்கோ, சரிவராதெண்டு எழுதுங்கோ.”

கிறிஸ்துராஜா திகதியை மட்டும் எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினார். தீபன் அவசரமாக மற்றக் கடைகளையும் தேடினான்.

“அம்மா, லண்டன் கடையில இதே போத்தல் ஏழு பவுண். சிங்கப்பூரில அதைவிடக் கூட.”

“அதெப்பிடி? ஒரே வைன்தானே?”

“ஸ்பெயினில வைனுக்கெண்டு தனி வரி இல்லை. இங்க மலிவான போத்தலோ, விலை கூடினதோ, எல்லாத்துக்கும் ஒரே வரி. அதுக்கு மேல வற் எண்ட விற்பனை வரி. பிறகு லொறிக் கூலி, இறக்குமதி செய்யிறவரின்ர லாபம், கடைக்காரரின்ர லாபம். உள்ளுக்க இருக்கிறது மாறேல்லை.”

“ஏழு பவுணோ?” பெர்னடெற் சற்றுத் தணிந்தார். “அப்பப் பரவாயில்லை.”

கிறிஸ்துராஜா சிரித்தார். “டொலறஸ் ஸ்பெயினில கூடாத சம்பந்தி, லண்டனில பரவாயில்லாத சம்பந்தி. சிங்கப்பூருக்குப் போனா நல்ல திறம். இதில எந்த டொலறசுக்கு நான் பதில் எழுத?”

ரயிலில் அடிபடாமல் டொலறஸ் போத்தலைச் சுற்றிக்கொண்டு வந்த துவாய், சோபாவின் கைப்பிடியில் கிடந்தது. பெர்னடெற் அதை எடுத்து மெல்ல மடித்தார்.

“நான் பாத்தது அரசாங்கமும் கடைக்காரரும் வைச்ச விலை,” என்றார் கடைசியில். “அதில மனுசரின்ர மரியாதையைத் தேடினது என்ர பிழை. கொண்டுவாற பொருளின்ர விலையை வைச்சு ஆக்களை அளக்கக் கூடாது. சம்மதமெண்டு எழுதுங்கோ. துவாயைத் தர நாங்களே வாறமெண்டும் எழுதுங்கோ.”

கிறிஸ்துராஜா எழுதி முடித்தார். தீபன் முத்திரை ஒட்டினான். உறையை ஒட்டியதும் பெர்னடெற் கோட்டைப் போட்டுக்கொண்டு தெருமுனைத் தபாற்பெட்டிக்குத் தானே நடந்தார். உறையின் வாயை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, உள்ளே விட்டார்.